பொங்கல் ஆட்டம் இல்லை, தம்பி

தேனி,
ஆவணி, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டையும் படங்களையும் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துவிட்டேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பேசப் பேச நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய், நடுவில் அம்மாவைக் கான்ஃபரன்ஸில் சேர்ப்பாய், அவர்கள் அழ ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்தது. எழுத்தாக இருந்தால் ஹாஸ்டல் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இரண்டு தரம் படிக்கலாம். படி.

நீ கேட்டது ஒரே கேள்வி: "பொங்கலுக்குள்ள ஆடிரலாமாக்கா?" முடியாது. தென்மண்டலப் பல்கலைக்கழகக் கபடிப் போட்டியும் இந்த வருஷம் உனக்கு இல்லை. அடுத்த ஜூன் கடைசியில் பார்க்கலாம், அதுவும் நான் வைக்கிற பரீட்சைகளில் தேறினால். கோபம் வந்தால் இப்பவே பட்டுக்கொள், மிச்சத்தைப் பிறகு படி.

உனக்குக் கிழிந்தது ஒரு ஜவ்வு இல்லை. முட்டிக்குள்ளே குறுக்காக ஓடுகிற ஏ.சி.எல். முழுக்க அறுந்திருக்கிறது. உள்பக்கத்தில் இருக்கிற எம்.சி.எல். பாதி கிழிந்திருக்கிறது, கிரேடு 2 என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸில், உள்பக்கத்து மெனிஸ்கஸில், ஒரு வெடிப்பு. "உள்ள டப்புனு ஏதோ விட்ட மாதிரி இருந்துச்சு" என்று அன்றைக்கே சொன்னாய். ஒரு மணி நேரத்துக்குள் முட்டிச்சில்லே தெரியாத அளவுக்கு வீங்கியது என்றும் சொன்னாய். ஏ.சி.எல்.லுக்குள் ரத்தக்குழாய் உண்டு. அது அறுந்தால் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டும், வீக்கம் அவ்வளவு சீக்கிரம் ஏறும். மறுநாள் மெதுவாக வீங்குகிற முட்டி வேறு கதை. ஸ்கேன் எடுப்பதற்கு முன்னாலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உன் ரூம்மேட் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ லெஃப்ட் கார்னர். ரைடர் போனஸுக்குக் காலை நீட்டுகிறான், நீ சரியான நேரத்தில் ஆங்கிள் ஹோல்டு போடுகிறாய். அருமையான பிடி, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவன் திமிறும்போது உன் இடது பாதம் கபடி மேட்டில் அப்படியே ஒட்டி நிற்கிறது. ஷூ நகரவே இல்லை. அந்த நேரம் பார்த்து உன் டீமின் கவர் பையன் டேஷ் அடிக்க வருகிறான். அவனும் ரைடரும் சேர்ந்து உன் இடது முட்டியின் வெளிப்பக்கம் விழுகிறார்கள். பாதம் ஊன்றியிருக்க, முட்டி மட்டும் உள்ளே மடங்குகிறது. உள்பக்க ஜவ்வு முதலில் இழுபடும், தொடர்ந்து ஏ.சி.எல். போகும், மெனிஸ்கஸ் நடுவில் மாட்டும். மண்ணாக இருந்தால் பாதம் கொஞ்சம் சறுக்கிக் காப்பாற்றியிருக்கலாம். மேட்டு விடாது. அந்தக் கவர் பையன் தினமும் உனக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்கிறானாமே, அவனை விட்டுவிடு. கபடியில் இது நடக்கும்.

அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் என்று ஒன்று உண்டு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதில் லைன்மேன் என்று முன்வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். 130 கிலோ, 140 கிலோ. பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிராளியை முட்டி மறிப்பதுதான் அவர்கள் வேலை, ஜெயித்தால் பேர் வாங்குவது பின்னால் நின்று பந்து வீசுகிறவன். அவர்களுக்கும் முட்டிதான் போகும், அதுவும் உன்னை மாதிரியே: கால் ஊன்றி நிற்கும்போது வேறு யாரோ வெளிப்பக்கம் வந்து விழுந்து. அதனால் அங்கே பல கல்லூரிகளில் லைன்மேன்கள் இரண்டு முட்டியிலும் கீல் வைத்த பிரேஸ் மாட்டிக்கொண்டுதான் களத்தில் இறங்குகிறார்கள். அது எம்.சி.எல்.லை ஓரளவு காக்கும். ஏ.சி.எல்.லுக்கு அதை நம்பி உத்தரவாதம் தர முடியாது. பிரேஸ் வாங்கிப் போட்டால் பொங்கலுக்கு ஆடலாமா என்று நீ அடுத்துக் கேட்பாய் என்பதால் இதையும் சொல்லிவைத்தேன்.

சரி, ஆபரேஷன். அப்பத்தாவுக்கு இன்னும் எண்ணெய்க்கட்டில்தான் நம்பிக்கை. பெரியப்பா நேற்று வந்து, "புத்தூருக்குக் கூட்டிப்போனா மூணு கட்டுல நடக்க வச்சிருவாங்க" என்று அப்பாவிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, எதிர்த்துப் பேசவும் மாட்டேன். ஆனால் கட்டு என்பது வெளியே இருந்து அசையாமல் பிடித்துவைக்கிற வேலை. எலும்பு ஒழுங்காக விரிசல் விட்டிருந்தால் அசையாமல் வைத்தாலே கூடிவிடும். ஏ.சி.எல். மூட்டுக்குள்ளே கிடக்கிறது. அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தேடி ஒட்டுவது அரிது. மூன்று வாரம் முட்டியைக் கட்டிப்போட்டால் மூட்டு இறுகும், தொடைத் தசை கரையும், அவ்வளவுதான் மிச்சம். யாராவது ஹாஸ்டலுக்கே எண்ணெயோடு வந்தால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பு. வீங்கிய முட்டியில் கை வைத்து நீவ விடாதே.

என்னிடம் பிசியோதெரபிக்கு ஒருவர் வருகிறார், சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றுகிறவர். இருபது வயசில் கோயில் கொடைக் கபடியில் உன்னை மாதிரியே விழுந்து, கட்டுப் போட்டு, வலி போனதும் வேலைக்குப் போய்விட்டார். நேர்கோட்டில் நடந்தால் ஒன்றும் தெரியாது. லாரிப் பலகையில் தாரோடு திரும்பும்போது முட்டி நழுவும். நழுவ நழுவ மெனிஸ்கஸ் தேய்ந்து, இப்போது நாற்பதுக்குள்ளேயே படி இறங்க முடியவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டு போட்ட வைத்தியர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வலி போனால் சரியாகிவிட்டது என்று எல்லாரும் சேர்ந்து நினைத்தோமே, அதை நினைத்தால்தான் வருகிறது.

அம்மா கேட்ட கேள்வி வேறு: "ஆபரேஷன் இல்லாம ஆகாதா?" நியாயமான கேள்வி. எல்லாருக்கும் கத்தி வேண்டியதில்லை. ஸ்வீடனில் 121 இளவட்டங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும். மறு பாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், முட்டி நிலைக்கவில்லை என்றால் பிறகு ஆபரேஷன். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு வருஷ முடிவில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நிலைமை. ஐந்து வருஷத்துக்குள் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எப்படியும் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், மறு பாதிக்குத் தேவைப்படவே இல்லை. ஆனால் அதில் தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்க்கவில்லை. நீ அப்பாவோடு திராட்சைப் பந்தலில் வேலை பார்க்கப் போகிறவனாக இருந்தால் நானே "பொறு, பார்ப்போம்" என்றிருப்பேன். நீ திரும்பவும் கார்னரில் நின்று, திடீரென்று திரும்பி, ஊன்றிய காலில் இன்னொருத்தன் எடையைத் தாங்கப் பார்க்கிறாய். மெனிஸ்கஸும் வெடித்திருக்கிறது. உனக்கு ஆபரேஷன்தான்.

ஆனால் நாளைக்கே இல்லை. வீங்கிய, மடங்காத முட்டியில் கை வைத்தால் பிறகு நீட்டவே வராது. பிரேஸோடு இருந்தால் எம்.சி.எல். தானாகவே ஒட்டிக்கொள்ளும், அதற்கும் நாலு முதல் ஆறு வாரம் கொடுக்க வேண்டும். செப்டம்பர் கடைசி என்று உன் சர்ஜன் சொன்னது சரியான கணக்கு. ஒரே ஒரு விஷயம்: முட்டி ஏதாவது ஒரு கோணத்தில் பூட்டுப் போட்டமாதிரி மாட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை என்றால் அன்றைக்கே அவரிடம் போ. கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் வந்து மடிந்திருக்கும். அப்போது காத்திருக்கக் கூடாது.

அடுத்த தடவை போகும்போது அவரிடம் இரண்டு கேள்வி கேள். வெட்கப்படாதே. ஒன்று, புது ஜவ்வுக்கு நாரை எங்கிருந்து எடுப்பார்? தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்தால் காயம் சின்னது, ஆனால் பின்தொடைத் தசை பலம் திரும்ப ரொம்ப நாளாகும். ஆங்கிள் ஹோல்டில் குந்தி இழுக்கிற உனக்கு அந்தத் தசைதான் சோறு போடுகிறது. முட்டிச்சில்லுக்குக் கீழே இருந்து எடுத்தால் பிடிமானம் உறுதி, ஆனால் மண்டி போடும்போது வலிக்கும், அந்த வலி சிலருக்கு ரொம்ப நாள் இருக்கும். கார்னர் மண்டி போடாமல் ஆட முடியாது. எனக்கு இதில் ஒரு சாய்வு இருக்கிறது, ஆனால் எழுத மாட்டேன். முட்டியைத் திறந்து பார்க்கப்போகிறவர் அவர். இரண்டாவது கேள்வி, மெனிஸ்கஸைத் தைப்பாரா, ஓரத்தை வெட்டிவிடுவாரா? வெளி ஓரத்தில்தான் ரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்திருந்தால் தைத்தால் ஒட்டும். தைத்தால் சில வாரம் முழு எடை வைக்க விடமாட்டார்கள், 90 டிகிரிக்கு மேல் மடக்கவும் விடமாட்டார்கள். உனக்கு எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் தைக்க முடிந்தால் தைக்கட்டும். வெட்டிய மெனிஸ்கஸ் திரும்ப வளராது, உனக்கு இருபதுதான் ஆகிறது.

பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு அப்பா எழுதிக்கொடுத்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, உன் ஆபரேஷன் அதில் வருமா என்று காப்பீட்டுக் கவுன்ட்டரில் நீயே போய்க் கேட்டுவை. ஆதாரும் ரேஷன் கார்டு நகலும் கையில் இருக்கட்டும்.

இப்போதைக்கு ஹாஸ்டலில் செய்ய வேண்டியது: குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வை, முட்டிக்கு அடியில் ஒன்றும் இருக்கக்கூடாது. முட்டி தன் எடையிலேயே கீழே இறங்கி நேராகட்டும், பத்து நிமிஷம், மூன்று நாலு வேளை. பிறகு தொடையை இறுக்கி, முட்டியின் பின்பக்கம் கட்டிலைத் தொடுகிற மாதிரி அழுத்திப் பிடித்து விடு. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஏ.சி.எல். போன முட்டியில் தொடைத் தசை பயந்துபோய் வேலை நிறுத்தம் செய்துவிடும், அதைத் திரும்பக் கூப்பிடுகிற வேலை இது. மெஸ்ஸுக்குப் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்ததும் ஊருக்கு வந்துவிடு. பஸ்ஸில் வராதே. கோயம்பேட்டிலிருந்தோ கிளாம்பாக்கத்திலிருந்தோ ஏறினால் ராத்திரி முழுக்க முட்டி மடங்கியே இருக்கும். சென்ட்ரலிலிருந்து போடி ரயில் வாரத்தில் மூன்று நாள் இருக்கிறது. லோயர் பெர்த் போட்டுக்கொண்டு காலை நீட்டி வா, தேனியில் இறங்கு, மச்சான் கார் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவார். விழித்திருக்கும்போதெல்லாம் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இரு. கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே கேஷுவாலிட்டி.

வீட்டில் இரண்டு சிக்கல் எனக்குத் தெரிகிறது. ஒன்று கக்கூஸ். நம் வீட்டில் இருப்பது குந்துகிறது. உன்னால் மூன்று மாசத்துக்காவது குந்த முடியாது. அப்பாவிடம் சொல்லி, நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கம்பம் பஜாரில் வாங்கி வைக்கச் சொன்னேன். "அது கெழடுகளுக்குல்ல" என்றார். வாங்கிவிட்டாராம், அப்பத்தாவே முதல் ஆளாக அதில் உட்கார்ந்து பார்த்து சௌகரியமாக இருக்கிறது என்கிறாராம். நீ வரும்போது அது உனக்குக் கிடைக்குமா என்பதே சந்தேகம்.

இரண்டாவது அம்மா. அம்மா உன் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். நீ தூங்கியதும் வந்து வைப்பார்கள், எடுத்தால் திரும்பவும் வைப்பார்கள். முட்டி லேசாக மடங்கி இருக்கும்போது உனக்கும் சுகமாக இருக்கும், அப்படியே விட்டுவிடுவாய். நாலு வாரம் இப்படிப் போனால் முட்டி அந்தக் கோணத்திலேயே நின்றுவிடும். கடைசி ஐந்து டிகிரி நீட்ட வராமல் நொண்டுகிறவர்களை நான் மாசா மாசம் பார்க்கிறேன். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கும், கெடுத்தது தலையணை. முதல் சில வாரத்தில் மடங்குவதைவிட நீளுவதுதான் முக்கியம். அம்மாவிடம் நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், நீயும் சொல்.

இனி முக்கியமான விஷயம். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வலிக்கிற வரைக்கும் நீ சொன்னபடி கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். வலிக்காதபோதுதான் பயம். உள்ளே வைக்கிற நார், வைத்த அன்றைக்கு உறுதியாகத்தான் இருக்கும். பிறகு அதற்குள் புது ரத்தக்குழாய் புகுந்து, அது ஜவ்வாக மாறுகிற வரைக்கும் பலம் குறையும். நம் வயலில் நாற்று நட்டால் முதலில் மஞ்சளடித்துத் துவண்டு நின்றுவிட்டுத்தானே பச்சை பிடிக்கிறது, அப்படி. கிட்டத்தட்ட ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாசம் வரை அது ரொம்ப மெலிந்த காலம். சரியாக அந்தச் சமயத்தில்தான் வீக்கம் வடிந்து, ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நீ விசிலடித்துக்கொண்டு நடப்பாய்.

உன் காலண்டரைப் போட்டுப் பார். பொங்கல் அன்றைக்கு மூன்றரை மாசம். அப்போதுதான் நேர்கோட்டில் மெதுவாக ஓட ஆரம்பித்திருப்பாய். ஊரில் கபடிப் போட்டி, மைக் செட், உன் செட்டுப் பையன்கள் வாசலில் நிற்பார்கள். "நீ ஓட வேணாம்டா, சும்மா கார்னர்ல நில்லு, ஆள் பத்தல" என்பார்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வரும்போது ஏழு மாசம் முடிந்திருக்கும். அப்போது இன்னும் மோசம். உன் தொடை பழையபடி தெரியும், குதிப்பாய், பைக்கை உதைப்பாய், முட்டி ஒன்றுமே சொல்லாது. அந்த நேரத்தில் உன்னைப் பிடித்துவைப்பது அப்பாவாலும் முடியாது.

நான் பயமுறுத்தவில்லை, கணக்குச் சொல்கிறேன். 106 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2016-இல் வந்தது. ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாசம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும், முட்டி திரும்ப அடிபடுவது 51 சதவீதம் குறைந்தது. மாசத்துக்குப் பாதி! ஒன்பது மாசத்துக்கு மேல் தள்ளிப்போட்டதால் கூடுதல் லாபம் அதில் தெரியவில்லை. அதனால்தான் ஜூன் என்கிறேன், டிசம்பர் என்று சொல்லவில்லை. அதே ஆய்வில், பலமும் குதிப்பும் சோதித்துத் தேறித் திரும்பியவர்களில் திரும்ப அடிபட்டவர்கள் 5.6 சதவீதம். தேறாமல் திரும்பியவர்களில் 38.2.

என் பரீட்சை அதுதான். இடது தொடையின் பலம் வலது தொடையின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக்காலில் ஒரு தாவு, தொடர்ந்து மூன்று தாவு, கோட்டுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் மாறி மாறித் தாவு, ஆறு மீட்டர் எத்தனை நொடியில், எல்லாவற்றிலும் 90. டேப் என் கையில் இருக்கும், ஏமாற்ற முடியாது. தேறினால் முதலில் தனியாகத் திரும்பித் திரும்பி ஓடுவது, பிறகு ஒருத்தனோடு பிடி, கடைசியில்தான் ஏழு பேர் ஆட்டம். ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குப் பெரியாத்துத் தண்ணீர் திறக்கிற சமயம் நீ தனியாக ஓடிக்கொண்டிருந்தால் போதும். அது பாயும் 14,707 ஏக்கரிலும் நாற்று நட்டு முடிக்கிறதுக்குள் உன்னைக் கபடி மேட்டில் விடுகிறேன்.

எங்கே ஓடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் கரை வேண்டாம், குண்டும் குழியும். தேனி ஸ்டேடியத்துக்குக் காலையில் வந்துவிடு, வேலைக்குப் போகும் முன் நானும் வருவேன். சைக்கிள் மிதிக்கலாம், அது எவ்வளவு மிதித்தாலும் நல்லது. சுருளிக்குப் போனால் தூரத்திலிருந்து அருவியைப் பார்த்துவிட்டு வா. பாசிப் பாறையில் ஒரு வழுக்கு வழுக்கினால் எல்லாக் கணக்கும் திரும்ப முதலிலிருந்து.

நீ பவன் செராவத் போஸ்டரை ரூம் கதவில் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அவர் கதை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், இருந்தாலும் தேதிகளை மட்டும் கவனி. 2022-இல் புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடிக்கு எடுத்தது. அக்டோபரில் பெங்களூரில் குஜராத்தோடு முதல் ஆட்டம், அதிலேயே முட்டி போனது, சீசன் முழுக்க வெளியே. அவர் இல்லாமலே அந்தத் தடவை தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி வரை போனது. இதைப் படிக்கும்போது உனக்கு வலிக்கும், ஏனென்றால் உன் டீமும் நீ இல்லாமல் ஜெயிக்கும். ஜெயிக்கட்டும். அவர் 2023 ஜூன் கடைசியில் புசானில் ஆசியக் கபடிப் போட்டியில் இந்தியாவுக்குக் கேப்டனாக இறங்கினார். கிட்டத்தட்ட ஒன்பது மாசம். அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் தங்கம். அதே மாசம் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. நாடு முழுக்க அவரைக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் அவருக்குப் பொங்கல் ஆட்டம் இல்லை.

எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். கால்பந்திலும் பார். குமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஏ.சி.எல். போய் அந்த சீசனையே இழந்தார். பிறகு ஒடிசா அணிக்குப் போய் ஆடினார். சந்தேஷ் ஜிங்கன் 2019-இல் இந்திய அணிக்கான பயிற்சி ஆட்டத்தில் முட்டி போய், ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்து, திரும்ப வந்து இந்தியத் தடுப்பாட்டத்தைத் தாங்கினார். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மறுபடியும் முட்டி. மறுபடியும் வந்தார். உலகம் முழுக்க ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் கணக்கைத் தொகுத்துப் பார்த்ததில், ஏ.சி.எல். ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள், 65 பேர் பழைய தரத்துக்கு, போட்டி ஆட்டத்துக்கு 55 பேர். உன்னிடம் 100 என்று பொய் சொன்னால் நீ மார்ச்சில் என்னை நம்ப மாட்டாய்.

அந்த 45 பேரும் முட்டி சரியாகாமல் நின்றவர்கள் இல்லை. நிறையப் பேருக்கு முட்டி சரியாகிவிட்டது, பயம்தான் போகவில்லை. வேலை, கல்யாணம், படிப்பு என்று வழி மாறிப் போனவர்களும் உண்டு. உனக்கும் பயம் வரும். யாராவது வெளிப்பக்கமிருந்து ஓடி வந்தால் உன்னையறியாமல் காலை எடுப்பாய். அதை மறைக்காமல் என்னிடம் சொல்லு, அதற்கும் பயிற்சி இருக்கிறது. மெத்தை போட்டு, மச்சானை மேலே விழவைத்தே பழக்கலாம், அவர் எடைக்கு நீ எந்த ரைடரையும் தாங்குவாய்.

அப்பாவுக்குப் பயம் வேறு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ போலீஸோ எதிலாவது உட்கார்ந்துவிடுவான் என்று கணக்குப் போட்டிருந்தார். உன் மாநிலப் போட்டிச் சான்றிதழ்கள் இந்த முட்டியால் செல்லாமல் போகாது என்று சொல்லியிருக்கிறேன். நீ செகண்ட் இயர்தான், இன்னொரு வருஷம் முழுசாக இருக்கிறது. நடுவில் நவம்பர் செமஸ்டரை விட்டுவிடாதே. அதற்குள் ஊன்றுகோல் போயிருக்கும், பரீட்சை ஹாலில் கடைசி பெஞ்ச் ஓரமாகக் காலை நீட்ட இடம் கேட்டு டிபார்ட்மென்டில் இப்பவே ஒரு லெட்டர் கொடுத்துவை. ஆபரேஷன் சர்டிஃபிகேட் நகலையும் சேர்த்துக் கொடு, அட்டெண்டன்ஸுக்கு அது வேண்டும்.

ஊரில் எல்லாரும் சுகம். காற்று இன்னும் ஓயவில்லை, மத்தியானமானால் வாசலில் துணி காயப்போட முடியவில்லை. அப்பா பந்தலில் கவாத்து முடித்துவிட்டார், இந்தத் தடவை கொடி நன்றாகத் தழைத்திருக்கிறது என்கிறார். அவரும் உன்னிடம் பேசப் பயப்படுகிறார், தம்பி. முட்டியைப் பற்றி இல்லாமல் வேறு ஏதாவது பேசு அவரிடம், திராட்சை விலையைக் கேள், அரை மணி நேரம் ஓடும்.

வரும்போது எம்.ஆர்.ஐ. சிடியையும் ஆபரேஷன் நோட்டையும் பையில் போட மறக்காதே. மொபைலில் போட்டோ எடுத்ததை வைத்து நான் வேலை பார்க்க மாட்டேன். சர்ஜனைப் பார்த்த அன்றைக்கே, எங்கிருந்து நார் எடுக்கிறார், மெனிஸ்கஸைத் தைக்கிறாரா வெட்டுகிறாரா, இரண்டையும் மெசேஜில் போடு. அம்மாவுக்கு ஃபார்வேர்டு பண்ணாதே.

உன் அக்கா